பெர்க்மன் படங்களில் உங்களுக்கானது எது?

ஒருவர் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடும் ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மனின் படம் இன்னொருவருக்குக் கொட்டாவியை வரவழைக்கும். யாருடைய ரசனையும் மட்டமில்லை. காதல் நகைச்சுவை, கெட்ட கனவு, தம்பதிச் சண்டை, கடவுளோடு வழக்கு என்று எல்லாவற்றையும் எடுத்தவர் அவர். உங்கள் பங்கு எதுவென்று கண்டுபிடிக்க, 1957-இல் வந்த 'வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்' ஒன்று போதும். ஒன்றரை மணி நேரம்தான். கௌரவப் பட்டம் வாங்க ஸ்டாக்ஹோமிலிருந்து லுண்டுக்குக் காரில் போகும் ஒரு கிழவரின் கதை. பெர்க்மனின் பல முகங்களும் இதில் கொஞ்சம் கொஞ்சம் இருக்கின்றன. பார்த்த மறுநாள், எந்தக் காட்சி முதலில் நினைவுக்கு வருகிறது என்று கவனியுங்கள்.

முள் இல்லாத கடிகாரமும் சவப்பெட்டியிலிருந்து நீளும் கையும் என்றால், அடுத்து 'பெர்சோனா' (1966). தொடக்கத்தில் சில நிமிடங்கள் தொடர்பில்லாத துண்டுப் படங்கள் ஓடும்; கதையைத் தேட வேண்டாம். நடுவில் பிலிம் கிழிந்து எரியும். டிஸ்க் கெட்டுவிட்டது என்று நிறுத்திவிடாதீர்கள், படமே அப்படித்தான். பின்பாதியில் ஒரே நீண்ட பேச்சு இரண்டு முறை வரும்: முதலில் கேட்பவள் முகத்தில், பிறகு பேசுபவள் முகத்தில். இரண்டாவதை ஓட்டிவிட்டால் படத்தின் உயிர்நாடி போய்விடும்.

காரில் மருமகள் மாமனாரின் சுயநலத்தை முகத்துக்கு நேரே சொல்லும் காட்சி தைத்திருந்தால், 'ஆட்டம் சொனாட்டா' (1978). பியானோ கலைஞரான தாயும் மகளும் ஓர் இரவு முழுக்கக் கணக்குத் தீர்க்கிறார்கள். தாயாக நடித்த இங்ரிட் பெர்க்மன் இயக்குநருக்கு உறவில்லை; பெயர் ஒற்றுமைதான். பிறகு 'சீன்ஸ் ஃப்ரம் எ மேரேஜ்' (1973). தியேட்டருக்காகச் சுருக்கியது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. அதை விட்டு, ஆறு பகுதித் தொலைக்காட்சி வடிவத்தையே தேடுங்கள்; இரவுக்கு ஒரு பகுதி போதும். 'வின்டர் லைட்' (1963) இந்த வரிசையில் கடைசி. அதில் இங்ரிட் துலின் கேமராவைப் பார்த்தபடி ஒரு கடிதத்தை நிமிடக்கணக்கில் சொல்வார். முதல் தடவை சப்டைட்டிலைப் படியுங்கள், உடனே பின்னால் போய் முகத்தை மட்டும் பாருங்கள்.

கோடை வீட்டின் சாப்பாட்டு மேசையும் காது கேளாத மாமாவும்தான் நினைவில் நின்றதா? உங்களுக்கு 'ஃபேனி அண்ட் அலெக்சாண்டர்' (1982). தியேட்டர் வடிவம் 188 நிமிடம், தொலைக்காட்சி வடிவம் 312. நீளமானதே மேல். தலைப்பில் குழந்தைகள் பெயர் இருக்கிறதே என்று பிள்ளைகளோடு உட்காராதீர்கள். பிஷப் சிறுவனைப் பிரம்பால் அடிக்கும் காட்சி கடுமையானது. அவருடைய வேறு படங்களிலும் இப்படி உண்டு: 'வர்ஜின் ஸ்ப்ரிங்'கில் பாலியல் வன்முறை, 'க்ரைஸ் அண்ட் விஸ்பர்ஸ்'ஸில் தன்னையே கண்ணாடித் துண்டால் காயப்படுத்திக்கொள்ளும் காட்சி. முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

எல்லோரும் முதலில் எடுப்பது 'செவன்த் சீல்'. மரணத்தோடு சதுரங்கம் என்றதும் பயபக்தியோடு உட்கார்ந்து, சிரிக்க வேண்டிய இடத்திலும் சிரிக்காமல் இருந்துவிடுகிறார்கள். மரத்தில் ஏறிய நடிகனை வீழ்த்த மரணம் ரம்பத்தோடு வந்து மரத்தை அறுப்பது நகைச்சுவைதான்!

விளக்கை அணையுங்கள். ஸ்வென் நிக்விஸ்டின் ஒளிப்பதிவில் சாம்பல் நிறத்துக்குள் பல படிகள் உண்டு. அறை வெளிச்சத்தில் அவை கலங்கிவிடும். அசைவைச் செயற்கையாக வழுவழுப்பாக்கும் டிவியின் 'மோஷன் ஸ்மூத்திங்'கை நிறுத்துங்கள். பழைய படங்கள் ஏறக்குறையச் சதுரமானவை. பக்கங்களில் கறுப்புப் பட்டை இருக்கிறதே என்று ஜூம் செய்தால் நெற்றியும் முகவாயும் வெட்டுப்படும், அவரோ முகங்களை நம்பிப் படமெடுத்தவர். டப்பிங் வேண்டாம், ஸ்வீடிஷ் ஒலியே இருக்கட்டும். ஒரே நாளில் இரண்டு படம் பார்த்தால் இரண்டாவது சுமையாகிவிடும்.

எதுவுமே ஒட்டவில்லை என்றால், மோட்ஸார்ட்டின் இசை நாடகத்தை அவர் 1975-இல் ஸ்வீடன் தொலைக்காட்சிக்கு எடுத்த 'தி மேஜிக் ஃப்ளூட்' இருக்கிறது. அதன் இடைவேளையில், புகைபிடிக்கத் தடை என்ற பலகைக்குக் கீழேயே இரவின் ராணியாக நடிப்பவர் சிகரெட் பிடித்துக்கொண்டிருப்பார்.