திருகோணமலைக்கு எத்தனை எழுத்து?

உப்புவெளியில் என் வீட்டு விறாந்தையில் மாலையில் ஐந்தாறு பிள்ளைகளுக்குச் சி++ என்ற நிரல்மொழி சொல்லிக்கொடுக்கிறேன். சரத்துக்கு (எழுத்துகளின் தொடருக்கு) ஒரு வகுப்பு, அதாவது தரவையும் அதைக் கையாளும் சார்புகளையும் ஒன்றாகக் கட்டிய வார்ப்பு, எழுதுங்கள் என்றால், எல்லோரும் சேர்ப்பதற்கும் அழிப்பதற்கும்தான் முதலில் ஓடுகிறார்கள். நான் மறித்துவிடுவேன். சார்பு என்பது ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு; பார்க்கும் சார்புகளை முதலில் எழுதுங்கள்.

'நீளம்' என்றொரு சார்பு, கேட்ட இடத்தில் இருப்பதைச் சொல்ல 'இடம்' என்றொரு சார்பு. இரண்டும் கேட்டதைச் சொல்லும், எதையும் தொடாது. ஆகவே சார்பின் பெயரை அடுத்த அடைப்புக்குறிக்குப் பின்னால், 'மாற்றமாட்டேன்' என்று சொல்லும் கான்ஸ்ட் (const) போடுங்கள். போட்டால், உள்ளே கைதவறி நீளத்தை மாற்றினாலும், நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் தொகுப்பி விடாது. போடாவிட்டால், மாற்றக்கூடாது என்று ஒப்படைத்த சரத்திடம் நீளத்தைக்கூடக் கேட்க முடியாது. 'இடம்' எல்லையைச் சரிபார்க்கட்டும். சி++ தானே தரும் சர வகுப்பான ஸ்டிரிங்கிலும் 'அட்' (at) என்ற சார்பு சரிபார்க்கும், சதுர அடைப்பு [ ] சரிபார்க்காது.

இனி மாற்றும் சார்புகள். 'சேர்' எழுதும்போது வரிசை முக்கியம். இருக்கும் நினைவகம் போதாவிட்டால் பெரியதாக எடுங்கள், பழையதையும் புதியதையும் அதில் படியெடுங்கள், பிறகே பழையதை விடுங்கள். பழையதை முந்திக்கொண்டு விடுவித்தால், ஒரு சரத்தை அதனுடனேயே சேர்க்கும்போது படியெடுக்க எதுவும் மிஞ்சாது. என் பிள்ளைகளில் பாதிப் பேர் இங்கேதான் விழுகிறார்கள். 'அழி', 'இடைச்செருகு' எல்லாம் இதற்குப் பிறகு இலகு.

என் மச்சான் பெயர்ப்பலகை எழுதுபவர். எழுத்துக் கணக்கில் கூலி. என் வகுப்பை வைத்து அவருக்கு ஒரு சிறு நிரல் செய்துகொடுத்தேன். 'திருகோணமலை'க்கு அது 30 என்றது.

"முப்பது எழுத்துக்குக் காசு கேட்டால் கடைக்காரர் என்னைக் கடலில் தள்ளிவிடுவார்" என்றார்.

நிரல் பொய் சொல்லவில்லை. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு (நினைவகத்தின் சிறு அலகு). 'தி' என்பது 'த' ஒரு குறி, இகரக் குறி இன்னொன்று; அப்படி எண்ணினால் மொத்தம் 10 குறிகள். 'நீளம்' பைட்டை எண்ணியது. அதன் பெயரைப் 'பைட்டுநீளம்' என்று மாற்றினேன். பிறகு 'எழுத்துநீளம்' என்று இன்னொரு பார்க்கும் சார்பு எழுதி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எண்ணாமல் விட்டேன்: 6 வந்தது. 'அழி'யையும் அதே கணக்கில் திருத்த வேண்டியிருந்தது. ஒரு பைட்டை மட்டும் அழித்தால் 'த' உடைந்து, திரையில் கேள்விக்குறிதான் நிற்கும்.

'க்ஷ'வுக்கு இன்னும் 2 என்றுதான் காட்டுகிறது. அதை மட்டும் திருத்த வேண்டாம் என்கிறார் மச்சான்.