நெஞ்சுவலி மருந்துகளை எப்படி எடுத்துக்கொள்வது: ஆக்ஸிஜன் போதாத இதயத்துக்குள் நடப்பதை அறிந்து

மற்றத் தசைகளுக்கு இல்லாத ஒரு நெருக்கடி இதயத்தசைக்கு உண்டு. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே, தன்னிடம் வரும் ரத்தத்திலுள்ள ஆக்ஸிஜனில் ஏறத்தாழ 70 முதல் 75 விழுக்காட்டை அது உறிஞ்சிக்கொள்கிறது. வேலை கூடினால் அதே ரத்தத்திலிருந்து இன்னும் எடுத்துக்கொள்ள வழியில்லை. கூடுதல் ரத்தம் வந்தே ஆகவேண்டும். இதயத்தசைக்கு ரத்தம் கொண்டுவரும் கரோனரி தமனியில் அடைப்பு இருந்தால் அது வராது. படி ஏறும்போது நெஞ்சை அழுத்தி, நின்றால் தணிகிற ஆஞ்சைனா வலி இப்படித்தான் உண்டாகிறது.

வலி தெரியும் முன்பே கோளாறு தொடங்கிவிடுகிறது. ரத்தம் குறைந்த சில நொடிகளில் இதயம் தளர்ந்து விரிவது கடினமாகிறது. அடுத்து சுருங்கும் வலு குறைகிறது, பிறகு இ.சி.ஜி. மாறுகிறது, வலி கடைசியில்தான் வருகிறது. நெடுநாள் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே வராமல் மூச்சு வாங்குவது மட்டும் தெரியலாம். தமனி முழுவதுமாக அடைபட்டால் சுமார் 20 நிமிடத்தில் தசை சாகத் தொடங்குகிறது, உள்ளடுக்கிலிருந்து வெளிப்புறம் நோக்கி. கீழே சொல்லும் 5 நிமிடக் கணக்குக்கு அடிப்படை இதுதான்.

இதயத்தின் ஆக்ஸிஜன் தேவையை மூன்று விஷயங்கள் முடிவு செய்கின்றன: துடிப்பின் வேகம், சுருங்கும் வலு, சுவரில் ஏறும் இழுவிசை. பெரும்பாலான ஆஞ்சைனா மருந்துகள் இவற்றில் ஒன்றைக் குறைக்கின்றன அல்லது ரத்த வரத்தைக் கூட்டுகின்றன. உங்கள் மாத்திரை இவற்றில் எதைத் தொடுகிறது என்று தெரிந்தால், அதை எப்போது எடுப்பது, எதைக் கண்காணிப்பது என்பது தானாகவே விளங்கும்.

வலி வரும்போது: நைட்ரோகிளிசரின்

இது முதலில் சிரைகளை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் நாளங்களை, விரிக்கிறது. ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தேங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது. இதயத்தின் கீழறை சிறுக்கிறது, சுவரின் இழுவிசை இறங்குகிறது, தேவை குறைகிறது. கரோனரி தமனிகளும் ஓரளவு விரிகின்றன. ஆனால் நிவாரணத்தில் பெரும்பங்கு சுமை குறைவதால் கிடைப்பதே.

அதனால்தான் முதல் வேலை உட்காருவது. நின்றுகொண்டே எடுத்தால் ரத்தம் கால்களில் இறங்கி மயக்கம் வரும். படுத்துக்கொண்டால் கால்களில் இருக்கும் ரத்தம் இதயத்துக்கே திரும்பி, மருந்து இறக்க முயலும் சுமையை மறுபடி ஏற்றும். வாய் உலர்ந்திருந்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, ஒரு மாத்திரையை (0.3 முதல் 0.6 மி.கி. வரை, உங்களுக்கு எழுதிக்கொடுத்த அளவு) நாக்குக்கு அடியில் வைத்துக் கரையவிடுங்கள். விழுங்கக் கூடாது, குடல் வழியாகப் போனால் கல்லீரல் அதில் பெரும்பகுதியை அழித்துவிடும். ஸ்பிரே என்றால் நாக்கின் மேலோ அடியிலோ அடியுங்கள், மூச்சோடு உள்ளிழுக்காதீர்கள். 1 முதல் 3 நிமிடத்தில் வேலை தொடங்கும், அரை மணி நேரம் போல நிற்கும்.

எடுத்த நேரத்தைக் கடிகாரத்தில் பாருங்கள். 5 நிமிடத்தில் வலி குறையவில்லை அல்லது கூடுகிறது என்றால் உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். வலி நன்றாகக் குறைந்து கொஞ்சம் மிச்சமிருந்தால் 5 நிமிட இடைவெளியில் மொத்தம் மூன்று வரை எடுக்கலாம்; அதற்குப் பிறகும் வலி நீடித்தால் ஆம்புலன்ஸ்தான். முதல் மாத்திரை கேட்காதபோது மூன்றையும் முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று காத்திருப்பது பெரிய தவறு. அந்தப் பதினைந்து நிமிடத்தில் தசை போய்க்கொண்டிருக்கலாம். ஆம்புலன்ஸுக்குக் காத்திருக்கையில், ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ இல்லாதவர்கள் 300 மி.கி. ஆஸ்பிரினை மென்று சாப்பிடுவது வழக்கம். முழுதாக விழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும்.

மேல் ரத்த அழுத்தம் 90-க்குக் கீழே இருந்தால் நைட்ரோகிளிசரினைத் தொடாதீர்கள். ஆண்மைக் குறைவுக்கான மாத்திரைகளில் சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரம், டடலாஃபில் எடுத்து 48 மணி நேரம் ஆகாமல் எந்த நைட்ரேட்டும் (நைட்ரோகிளிசரின் வகை மருந்து) கூடாது. நைட்ரேட்டும் இவற்றில் ஒன்றும் சேர்ந்தால் ரத்த நாளங்கள் கட்டுப்பாடில்லாமல் விரிந்து அழுத்தம் சரிந்து உயிர் போகலாம். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம். அவசரப் பிரிவு மருத்துவர் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

வலி வரும் என்று தெரிந்த வேலைக்கு 5 முதல் 10 நிமிடம் முன்பாகவே ஒன்று எடுத்துக்கொள்ளலாம். பலரும் பயன்படுத்தாமல் விட்டுவிடும் நல்ல உபாயம் இது. தலைவலி வந்தால் பயப்படாதீர்கள். மருந்து நாளங்களை விரிக்கிறது என்பதன் அடையாளம், பாராசிட்டமால் போதும். மாத்திரைகள் வந்த கண்ணாடிக் குப்பியிலேயே மூடியை இறுக்கி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றினாலோ பஞ்சு வைத்தாலோ மருந்து அதில் ஏறிப்போய் வீரியம் குறையும். உடலோடு ஒட்டிய பையின் சூடும் ஆகாது.

தினசரி நைட்ரேட்: இடைவெளி கட்டாயம்

நைட்ரேட் நாள் முழுக்க ரத்தத்தில் இருந்தால் ஓரிரு நாளிலேயே நாளங்கள் அதற்குப் பழகி, மருந்து கேட்காமல் போகும். தினமும் 10 முதல் 14 மணி நேரம் மருந்தில்லாமல் இருக்க வேண்டும். ஐசோசார்பைட் மோனோநைட்ரேட் 20 மி.கி. மாத்திரையை இரு வேளை எழுதியிருந்தால் காலை 8, பிற்பகல் 3 என்று ஏழு மணி நேர இடைவெளியில் எடுக்கச் சொல்வது இதனால்தான். காலையும் இரவும் சமமாகப் பிரித்து எடுப்பவர்கள் தாங்களே மருந்தைச் செயலிழக்கச் செய்கிறார்கள். மெதுவாகக் கரையும் வகை என்றால் காலையில் ஒன்று, மெல்லாமல், பொடிக்காமல். தோலில் ஒட்டும் பட்டையை 12 முதல் 14 மணி நேரத்தில் எடுத்துவிட வேண்டும்.

பீட்டா பிளாக்கர்: துடிப்பைக் குறைத்து ரத்தம் பாய நேரம் தருவது

இடது கீழறையின் தசைக்கு ரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும்போதுதான் பாய்கிறது. சுருங்கும்போது தசையே தன் நாளங்களை நெரித்துக்கொள்கிறது. துடிப்பு 75 இருக்கையில் ஒவ்வொரு துடிப்பிலும் விரிவுக்குச் சுமார் 0.53 நொடி கிடைக்கிறது. 200-க்கு ஏறினால் 0.14 நொடிதான். வேகம் கூடினால் தேவையும் கூடுகிறது, வரும் வழியும் குறுகுகிறது. மெட்டோப்ரோலோல், பிசோப்ரோலோல், அட்டெனோலோல் போன்றவை வேகத்தையும் சுருங்கும் வலுவையும் குறைத்து இரண்டு பக்கமும் உதவுகின்றன.

ஆஞ்சைனாவில் ஓய்வுநிலைத் துடிப்பு 55-60 என்பது வழக்கமான இலக்கு. காலையில் ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு, கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரு விரலை வைத்து 30 நொடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். ஒழுங்கில்லாமல் அடித்தால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். 50-க்குக் கீழே இறங்கித் தலைசுற்றலும் இருந்தால் அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரிடம் பேசுங்கள்.

இந்த மருந்தில் மன்னிக்க முடியாத தவறு, திடீரென்று நிறுத்துவது. நாள்பட எடுக்கும்போது இதயத்தசை அட்ரினலினைப் பிடிக்கும் ஏற்பிகளைக் கூட்டி வைத்துக்கொள்கிறது. மருந்து மறைந்தவுடன் அத்தனை ஏற்பிகளும் ஒரே நேரத்தில் திறந்து கிடக்கும். துடிப்பு எகிறும், மாரடைப்பே வரலாம். நிறுத்தித்தான் ஆகவேண்டும் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாக, மருத்துவர் சொல்லும் கணக்கில். பயணத்துக்குக் கிளம்பும்போது இந்த மாத்திரையைக் கைப்பையில் வையுங்கள். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். இன்சுலின் போடுபவர்கள் கவனிக்க: சுகர் தாழ்ந்தால் வரும் படபடப்பை இது மறைத்துவிடும், வியர்வை மட்டும் மறையாது.

பலவீனமான இதயத்துக்கு இது நஞ்சா மருந்தா என்பது தொடங்கும் விதத்தைப் பொறுத்தது. முதல் வாரங்களில் சுருங்கும் வலு இன்னும் குறையும். அதனால் பிசோப்ரோலோல் என்றால் 1.25 மி.கி.யில் தொடங்கி, குறைந்தது இரு வாரத்துக்கு ஒருமுறைதான் கூட்டுவார்கள். மாதங்கள் கழிந்தால் அதே இதயம் முன்பைவிட நன்றாகச் சுருங்குவதும் உண்டு. இடையில் ஓரிரு நாளில் எடை திடீரென ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே தெரிவியுங்கள்.

மற்றவை

அம்லோடிபின் 5 அல்லது 10 மி.கி. தமனிகளை விரித்து, இதயம் எதிர்த்துத் தள்ளவேண்டிய அழுத்தத்தைக் குறைக்கிறது. கணுக்கால் வீங்குவது இதன் வழக்கமான தொல்லை. சிறுநீர் மாத்திரைக்கு அந்த வீக்கம் சரியாக வடியாது. வெராபமில், டில்டியாசெம் இரண்டும் துடிப்பையும் வலுவையும் குறைப்பவை. சுருங்கும் வலு குறைந்த இதயத்துக்கு இவை ஆகாது. பீட்டா பிளாக்கரோடு இவற்றைச் சேர்த்தால் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே மின்தடை உண்டாகித் துடிப்பு நின்றுபோகும் அபாயம் இருக்கிறது. இரண்டு மருத்துவரிடம் காட்டுபவர்களுக்கு இந்தச் சேர்க்கை தெரியாமலே நேர்ந்துவிடுகிறது. இருவருக்கும் ஒரே மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள்.

இவாப்ரடின் சுருங்கும் வலுவைத் தொடாமல் வேகத்தை மட்டும் குறைக்கிறது. உணவோடு எடுக்க வேண்டும், கண்ணில் ஒளிக்கீற்று தெரியலாம். ரனோலசின், ஆக்ஸிஜன் குறைந்த செல்லுக்குள் சோடியமும் அதன் பின்னால் கால்சியமும் தேங்குவதைக் குறைத்து, விறைத்துப்போன தசை தளர உதவுகிறது. துடிப்பையும் பிரஷரையும் பெரிதாக மாற்றாது என்பதால் ஏற்கனவே இரண்டும் தாழ்ந்தவர்களுக்குப் பொருந்தும். கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக் போன்ற சில மருந்துகளோடு சேர்க்கக் கூடாது. ட்ரைமெட்டாசிடின் இதயத்தைக் கொழுப்புக்குப் பதில் குளுக்கோஸை எரிக்க வைக்கிறது. அதே ஆக்ஸிஜனுக்குக் கூடுதல் ஆற்றல் கிடைக்கும். பார்க்கின்சன் நோய் உள்ளவர்களுக்கு இது கூடாது.

தினசரி ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையான ஸ்டாட்டினும் வலியைத் தணிப்பதில்லை. அதனால் பயனில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ரத்தம் உறைவதையும் கொழுப்புப் படிவு வெடிப்பதையும் தடுப்பவை இவைதான். மூட்டுவலிக்கு ஐபுபுரோஃபென் எடுத்தால் அது ஆஸ்பிரினின் இடத்தைப் பிடித்து அதைத் தடுக்கும்; இதயநோயாளிகள் கேட்காமல் எடுக்கவே கூடாது.

எல்லா மாத்திரையும் சரியாக எடுத்தும் வலி முன்பைவிடக் குறைந்த வேலைக்கே வருகிறது, ஓய்வில் வருகிறது, வாரத்துக்கு ஒன்று தேவைப்பட்ட நைட்ரோகிளிசரின் இப்போது தினமும் தேவைப்படுகிறது என்றால், அளவைக் கூட்டிச் சமாளிக்கும் நிலை தாண்டிவிட்டது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.