சாகசம் தரும் மகிழ்ச்சி: முதல் மலையேற்றத்துக்கு ஆயத்தமாவது எப்படி?

சாகசத்தின் இன்பம் ஆபத்திலிருந்தே வருகிறது என்று பலர் எண்ணுகின்றனர். 1970களில் பாறையேறுவோரையும் சதுரங்க ஆட்டக்காரர்களையும் ஆராய்ந்த உளவியலாளர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி கண்டது வேறு: எடுத்துக்கொண்ட செயல் ஒருவருடைய திறமைக்கு ஈடாகவோ அதைவிடச் சற்றே கடினமாகவோ இருக்கும்போது, அவர் தம்மை மறந்து அதில் ஒன்றிவிடுகிறார், மிக எளிதானால் சலிப்பும், மிகக் கடினமானால் பதற்றமுமே மிஞ்சுகின்றன. ஆகவே, மலையின் உயரத்தைக் கேட்டறிவதற்கு முன் தம் உடல் வலிமையை அளந்துகொள்வதே முதல் வேலை.

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் எளிது, மிதமானது, கடினமானது என்று பிரிக்கப்பட்டுள்ளன. இணையத்தில் பதிவு செய்தால் பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உடன் வருவார்கள். கட்டணம் கூடுதலாகத் தோன்றலாம். ஆனால் காட்டை அறிந்த ஒருவர் காலடித் தடங்களையும் பறவைக் குரல்களையும் இனங்காட்டக் கேட்டபடி நடப்பதே பாதி இன்பம் என்பேன். நண்பர்களின் படங்களைப் பார்த்துவிட்டு வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளில் தொடங்குவதைக் காட்டிலும், எளிய பாதையொன்றில் தொடங்குவது நல்லது.

ஒரு மாதத்துக்கு முன்பிருந்தே நாள்தோறும் வேகமாக நடந்து பழகுங்கள். இறங்கும்போதுதான் முழங்கால்கள் மிகுதியாக வருந்தும் என்பதால், படியேறுவதோடு படியிறங்கவும் பயிற்சி வேண்டும். மலைக்கு அணியவிருக்கும் காலணியையே இப்பயிற்சியிலும் அணிந்தால், கொப்புளம் வருமா என்பது வீட்டருகிலேயே தெரிந்துவிடும். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பதிவு செய்யக் கூடாது.

2018 மார்ச்சில் குரங்கணி மலையில் பரவிய காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்களில் 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். தீப்பருவத்தில் வனத்துறை பாதையை மூடினால், வேறு வழியாக அழைத்துச் செல்வதாகக் கூறுவோரை நம்பிப் போகாதீர்கள்.

ஏறும்போது மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகமே உங்களுக்குரிய வேகம். முன்னே செல்பவரை எட்டிப்பிடிக்க முயன்றால் பதற்றம் வந்துவிடும். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே நடந்தால் ஒன்றுதல் வாய்க்காது.

மலைக்குச் செல்ல முடியாத வாரங்களுக்கும் வழியுண்டு. நியூயார்க்கிலும் மயாமியிலும் மக்களின் நடமாட்டத்தைக் கைப்பேசி வழியே பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வொன்று, பல்வேறு இடங்களுக்குச் சென்ற நாட்களில் அவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்ததைக் காட்டியது. பேருந்தில் ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி, இதுவரை நடந்திராத தெருக்கள் வழியே வீடு திரும்பலாம்.