நிரந்தரப் பணிக்கு முந்தைய ஆண்டுகள்: கல்லூரி ஆசிரியராக விரும்புவோருக்கு

முதுகலை முடித்த நாளுக்கும், கல்லூரியில் நிரந்தர உதவிப் பேராசிரியராகப் பணியேற்கும் நாளுக்கும் இடையே சென்னையில் பலருக்குப் பல ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. அரசுக் கல்லூரிகளுக்கான ஆசிரியர் தேர்வு வாரிய அறிவிப்பு ஆண்டுதோறும் வருவதில்லை. ஆகவே சுயநிதிப் பிரிவிலோ, தற்காலிக ஆசிரியரான கௌரவ விரிவுரையாளராகவோ வேலை பார்த்துக்கொண்டே காத்திருப்பதுதான் வழக்கம். அந்த ஆண்டுகளை இழக்காமல் கடப்பது எப்படி என்பதையே இங்கு எழுதுகிறேன்.

உதவிப் பேராசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டை முதுகலை இறுதியாண்டிலேயே எழுதத் தொடங்குங்கள். அந்த ஆண்டு மாணவர்களுக்கும் அதற்கு அனுமதி உண்டு. மொத்தம் 150 வினாக்கள், 300 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதால் எந்த வினாவையும் விட்டுவிட வேண்டாம். கற்பித்தல் திறன், தர்க்கம், தரவு விளக்கம் ஆகியவற்றைக் கேட்கும் முதல் தாளைப் பலர் அலட்சியம் செய்து, பாடத் தாளில் நன்றாக எழுதியும் வாய்ப்பை இழக்கிறார்கள். உதவிப் பேராசிரியர் தகுதிக்கு வயது வரம்பு இல்லை. இதே தேர்வின் வழியே கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப்.புக்கு மட்டும் 30 வயது வரம்பும், பெண்களுக்கும் இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் ஐந்து ஆண்டுத் தளர்வும் உண்டு. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் என்பது, வீட்டில் பணம் கேட்காமல் ஆய்வு செய்ய விரும்பும் ஒருவருக்கு எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மாநிலத் தகுதித் தேர்வான தமிழக செட்டிலும் தேர்ச்சி பெறலாம். ஆனால் அது மாநிலத்துக்குள் மட்டுமே செல்லும்.

உதவிப் பேராசிரியர் பணிக்கு பிஎச்.டி. கட்டாயமில்லை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023இல் தெளிவுபடுத்தியது. ஆனாலும் அதைத் தள்ளிப்போட வேண்டாம். இணைப் பேராசிரியராக அது தேவை. முதல் பதவி உயர்வும் பிஎச்.டி. உள்ளவருக்கு நான்கு ஆண்டுகளிலும், நெட் மட்டும் உள்ளவருக்கு ஆறு ஆண்டுகளிலும் வருகிறது. தலைப்பை விட நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதில் அதிக நேரம் செலவிடுங்கள் என்பேன். அவரிடம் முன்பு ஆய்வு செய்தவர்களின் ஆய்வேடுகளை, இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் படித்துப் பாருங்கள். பதிவு செய்ததிலிருந்து வைவா என்னும் இறுதி வாய்மொழித் தேர்வு வரை எத்தனை ஆண்டுகள் ஆயின, அனுப்பிய அத்தியாயம் எத்தனை வாரத்தில் திருத்தத்துடன் திரும்பியது என்று அவர்களிடமே கேளுங்கள். மானியக் குழுவின் 2022 விதிமுறைகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று ஆண்டுகள், பொதுவாக அதிகபட்சம் ஆறு. ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் எட்டுப் பேருக்கு மேல் வழிகாட்ட முடியாது. பணம் கொடுத்தால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியாகும் என்று வாட்ஸ்அப்பில் வரும் அழைப்புகளை அறவே தவிர்த்துவிடுங்கள். நேர்முகத் தேர்வில் அந்த இதழின் பெயரைக் கண்டதும் மற்ற நல்ல கட்டுரைகளின் மீதும் சந்தேகம் படிந்துவிடும்.

தற்காலிகப் பணியில் சேரும்போது நியமன ஆணையை எழுத்தில் வாங்குங்கள்; சம்பளம் வங்கிக் கணக்கில் வர வேண்டும் என்று கேளுங்கள். என் முதல் கல்லூரியிலிருந்து அனுபவச் சான்று பெறாமலே விலகினேன்; பிறகு தேவைப்பட்டபோது முதல்வர் மாறியிருந்தார், அலுவலகத்தில் என் வருகைப் பதிவேடு கிடைக்கவில்லை, மூன்று ஆண்டு உழைப்புக்குச் சான்றாக ஒரு தாள்கூட என்னிடம் இல்லை. அரசுப் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அச்சான்றில் கல்லூரிக் கல்வி மண்டல இணை இயக்குநரின் மேலொப்பமும் கேட்கப்படுகிறது. இன்னொன்றையும் அறிந்துகொள்ளுங்கள்: முறையான தேர்வுக் குழு வழியாக நியமனம் பெற்று, நிரந்தர ஆசிரியரின் மொத்த மாத ஊதியத்துக்குக் குறையாமல் சம்பளம் வாங்கியிருந்தால்தான் தற்காலிகப் பணிக்காலம் பின்னாளில் பதவி உயர்வுக்குக் கணக்கில் சேரும் என்கின்றன மானியக் குழுவின் 2018 விதிமுறைகள். பெரும்பாலான சுயநிதிப் பணிகள் அந்த வரம்பைத் தொடுவதில்லை என்பது வருந்தத்தக்கது. எனவே 'அனுபவம் சேர்கிறது' என்ற ஆறுதலில் பத்து ஆண்டுகளை ஒரே இடத்தில் கழித்துவிடக் கூடாது.

வாரத்தில் ஒரு நாளை ஆய்வுக்கென்று ஒதுக்குங்கள். எழும்பூரில் கன்னிமாரா நூலகமும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கும் நகரத்தில் வாழ்கிறோம்; வேறு மாவட்டத்து ஆய்வாளர்கள் இரவுப் பேருந்தில் வந்து இங்கே குறிப்பெடுக்கிறார்கள். விடைத்தாள் திருத்தமும் சேர்க்கைப் பணியும் அந்த ஒரு நாளை விழுங்கப் பார்க்கும். விட்டுக்கொடுக்காமல் காத்துக்கொள்ள வேண்டியது அந்த நாளைத்தான்.

இத்தனைக்கும் நடுவே வகுப்பறையை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர வகுப்பு. தற்காலிக ஆசிரியருக்கு அதைவிட அதிகமாகவும் வரலாம். கும்மிடிப்பூண்டி ரயிலில் காலையில் கிளம்பி வரும் மாணவர், வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிப் படியேறியவர், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர் உங்கள் முன் அமர்ந்திருப்பார். ஒவ்வொரு கலைச்சொல்லையும் முதலில் தமிழில் விளக்கி, பிறகு அதன் ஆங்கிலச் சொல்லைப் பலகையில் எழுதி, தேர்வில் அதை எப்படி எழுத வேண்டும் என்று ஒரு வாக்கியம் காட்டினால் அவர் பின்தங்க மாட்டார். வகுப்பு முடிந்ததும் எந்த இடத்தில் முகங்கள் குழம்பின என்று மூன்று வரி குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு அதே பாடத்தை நடத்தும்போது எந்த நூலை விடவும் அந்தக் குறிப்பேடு உதவும்.

பருவத்தின் நடுவே வேறு கல்லூரிக்கு மாற நேர்ந்தால், எந்த யூனிட் வரை நடத்தினீர்கள், அகமதிப்பீட்டு மதிப்பெண்கள் எங்கே பதிவாகியுள்ளன, எந்த மாணவருக்குத் தனிக் கவனம் தேவை என்பதை அடுத்து வருபவருக்கு ஒரு பக்கத்தில் எழுதி, துறைத்தலைவரிடம் கொடுத்துவிட்டு, அன்றைக்கே உங்கள் அனுபவச் சான்றையும் கையெழுத்துடன் பெற்றுக்கொண்டு விடைபெறுங்கள்.