மேற்குச் சன்னலுக்கு நானே போட்ட சாய்ப்பு

எங்கள் படுக்கையறைச் சன்னல் மேற்குப் பார்த்தது. மேலே ஒன்றரை அடி சன்ஷேடு இருக்கிறது. மழைக்கு ஆகும், நாலு மணி வெயிலுக்கு ஆகாது. வெயில் சாய்ந்து அடியில் புகுந்து நேராகக் கட்டிலில் வந்து படுத்துக்கொள்ளும்.

முதலில் பழைய பிளெக்ஸ் பேனரை பிவிசி குழாயில் கட்டிப் பார்த்தேன். ஆடிக் காற்று ஒரே ராத்திரியில் அதைக் கழற்றிப் பக்கத்து வீட்டு முருங்கையில் மாட்டிவிட்டது. காற்று நுழைய வழியில்லாத துணி பாய்மரம் மாதிரி இழுத்திருக்கிறது. போல்ட்டும் பெயர்ந்து வந்தது. செங்கல்லுக்கு நடுவே கலவையில் துளை போட்டிருந்தேன், என் தப்புதான்.

அப்புறம் முக்கால் அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) சதுரக் குழாயில் சட்டம் வெல்டிங் செய்து வாங்கினேன். பற்றவைத்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும், துரு அங்கேதான் தொடங்கும். அங்கெல்லாம் துருவைத் தடுக்கும் ரெட் ஆக்ஸைடு பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன். இந்த முறை துளை லிண்டல் கான்கிரீட்டில், அதாவது சன்னலுக்கு மேலே ஓடும் உத்திரத்தில். என் சின்ன டிரில் அரை அங்குலம்கூட இறங்காததால் ஹேமர் டிரில்லை வாடகைக்கு எடுத்தேன்.

மேலே வெயிலில் 75 சதவீதத்தைத் தடுக்கும் பச்சை ஷேடு நெட் (நிழல் வலை). காற்று ஊடே போய்விடும். ஓரத்தை இரண்டாக மடித்து நைலான் கயிற்றால் சுற்றிக் கட்ட வேண்டும். மடிக்காவிட்டால் வலை பிரியும். முன்பக்கத்தைச் சன்னலின் பாதி உயரம்வரை இறக்கியிருக்கிறேன். அறை கொஞ்சம் இருட்டுதான், வீட்டில் அதற்கு இன்னும் திட்டு விழுகிறது.