காதால் தேடினால் சொல் அகப்படாது

பரந்தனுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் ஒரு ஸ்கிரபிள் பெட்டி கிடக்கிறது, ஆங்கில எழுத்துக் கட்டைகளை அடுக்கிச் சொல் அமைக்கிற விளையாட்டு. கனடாவில் இருந்து வந்த யாரோ விட்டுப்போனது. நூறு கட்டைகளில் இரண்டு தொலைந்துவிட்டன. அவற்றுக்குப் பதில் சோடாப் போத்தல் மூடி. பின்னேரங்களில் தரம் எட்டு, ஒன்பது படிக்கிற பிள்ளைகள் சுற்றிக் குந்துவார்கள். "கே வாற சொல் சொல்லுங்கோ" என்றால் கிங், கைட், கீ என்று கொட்டுவார்கள். கத்தியைக் குறிக்கிற நைஃப் மட்டும் வராது. கே அதன் முதலிலேயே நிற்கிறது, ஆனால் காதுக்குக் கேட்பதில்லை.

எங்கள் பக்கத்தில் முதல் தவறு இதுதான். மற்றவை பெரும்பாலும் இதன் குஞ்சுகள். தமிழை எழுதியபடி வாசித்துப் பழகிய நாங்கள் ஆங்கிலச் சொல்லையும் ஒலியை வைத்தே தேடுகிறோம். ரியூசன் கொப்பியில் உச்சரிப்பைத் தமிழில் எழுதிவைக்கிற பழக்கம் இதை இன்னும் கெடுக்கிறது. 'போன்' என்று எழுதிவைத்தால் அது தொலைபேசியா எலும்பா என்றே தெரியாது, அதற்குள் ஒளிந்திருக்கிற எச் எங்கே தெரியப்போகிறது?

போன கிழமை ஒரு பிள்ளை கையில் இருந்த ஏழு கட்டைகளையும் மாற்றப்போனாள். "அண்ணை, ஒரு உயிரெழுத்தும் இல்லை." எட்டிப் பார்த்தேன்: ஆர், எச், வை, ரி, எச், எம், ஜி. உயிர் இல்லாமல் மெய் எப்படி நிற்கும் என்பது அவளுடைய கணக்கு. தமிழுக்கு அது சரி. ஆங்கிலத்தில் வை அடிக்கடி உயிரெழுத்தின் வேலையைப் பார்க்கும். ஜியை ஒதுக்கிவிட்டு மற்ற ஆறையும் அடுக்கினால் தாளத்துக்கான 'ரிதம்', கட்டைகளில் உள்ள எண்களைக் கூட்டினாலே 17 புள்ளி.

அடுத்தது, ஓர் எழுத்து உள்ள சொல் என்றதும் அந்த எழுத்தில் தொடங்குகிற சொல்லையே தேடுவது. அகராதி பழக்கிய பழக்கம். எக்ஸில் தொடங்குகிற சொற்கள் மிகக் குறைவு. பொக்ஸ், சிக்ஸ், ரக்சி என்று நடுவிலும் கடைசியிலும் பார்த்தால் கை நிறைய வரும். கே என்றால் சியையும் சேர்த்துப் பாருங்கள்: டக், பிளாக், குளொக். தனி எழுத்தாகத் தேடாமல் சோடியாகத் தேடுவது எப்போதும் வேகம்.

இணையத்தில் ஒளிந்திருக்கிற ஆங்கிலச் சொல்லை ஊகிக்கிற வேர்டில் விளையாட்டில் ஐந்தெழுத்து, ஆறு முயற்சி. மஞ்சள் விழுந்தால் அந்த எழுத்து சொல்லில் உண்டு, இடம்தான் வேறு; அதைத் திரும்பவும் அதே இடத்தில் போட்டு ஒரு முயற்சியை வீணாக்காதீர்கள். ஒருமுறை வந்த எழுத்து இரண்டாம் முறை வராது என்றும் நினைக்க வேண்டாம். எங்கள் கறிதான் ஆங்கிலத்துக்குப் போய் ஐந்தெழுத்துச் சொல்லாகியிருக்கிறது. அதில் ஆர் இரண்டு. அப்புறம், நாங்கள் படிப்பது பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல், வேர்டில் விடைகளோ அமெரிக்க முறையில் வரும். 2022 ஜனவரியில் ஒருநாள் விடை 'ஃபேவர்'. பள்ளிக்கூடத்தில் நாங்கள் யூ போட்டு ஆறெழுத்தாக எழுதுவது அங்கே ஐந்துதான்.

லண்டன் மாதிரி ஊர்ப்பெயர்களை வைக்கப்போய்ச் சண்டை பிடிப்பதும் உண்டு. ஸ்கிரபிளில் அவை செல்லாது, அவ்வளவுதான்.

கியூ கையில் வந்தால், அதற்குப் பின் யூதான் வரும் என்று யூ கிடைக்கும்வரை காத்திருப்பது பெரிய நட்டம். கடைசிவரை கையில் தங்கினால் 10 புள்ளி கழியும். யூ இல்லாமலும் ஒரு வழி இருக்கிறது: கியூவுக்குப் பக்கத்தில் ஐ, அவ்வளவே. உயிராற்றலைக் குறிக்கிற சீனச் சொல், ஸ்கிரபிள் சொற்பட்டியலில் உண்டு. உச்சரிப்பு 'ச்சீ'. காதால் தேடுகிறவனுக்கு இது ஏழு பிறப்பிலும் அகப்படாது.