வார்னிஷ் அடித்ததும் வெளுத்துப்போன வேகன்

ஹெச்ஓ அளவு, அதாவது 1:87 மாடல் ரயில் நிலக்கரி வேகன் ஒன்றுக்குப் பழசான தோற்றம் வர நிறப் பவுடரால் துருவும் கரியும் ஏற்றி, பவுடர் உதிராமல் இருக்க மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் ஸ்ப்ரே அடித்தேன். காய்ந்ததும் பக்கவாட்டு முழுக்கப் பால் படர்ந்த மாதிரி வெள்ளை. ரிவெட் வரிசையைச் சுற்றி இறக்கியிருந்த கருப்பு வாஷ், அதாவது நீர்க்கக் கரைத்த பெயிண்ட்கூடச் சாம்பலாகிவிட்டது.

இதற்குப் பெயிண்டைச் சுரண்ட வேண்டியதே இல்லை. காற்றில் ஈரம் அதிகமாக இருக்கும்போது ஸ்ப்ரேயில் உள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிர்விக்கும், அந்தக் குளிர்ச்சியில் ஈரம் படிந்து படலத்துக்குள் சிக்கிக்கொள்ளும், வெளுப்பு அதனால்தான். காற்று உலர்ந்திருந்த ஒரு நாளாகப் பார்த்து, அதே வகைக் கரைப்பான் உள்ள பளபளப்பு வார்னிஷை மெல்லிசாக அடித்தேன். பழைய படலம் இளகி ஈரம் வெளியேற, வெள்ளை மறைந்து, ரிவெட்டுக்கு அடியில் வழிந்த துருக்கோடு மறுபடி தெரிந்தது. அவ்வளவு நிம்மதி! நன்றாகக் காய்ந்த பிறகு மேட் வார்னிஷ், 25-30 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய சுற்றுகளாக.

அப்புறம் பவுடர். வார்னிஷ் நனைத்தால் வெளிர் தூசி நிறங்கள் பாதி காணாமல் போகும், அதனால் முதலில் கொஞ்சம் தூக்கலாகவே போடுவேன், கை படாத அடிச்சட்டத்தில் வார்னிஷுக்குப் பிறகும் ஒரு தடவை தடவிவிடுவேன். என்ஜினுக்கு அடிப்பதாக இருந்தால் சக்கரத்தின் உருளும் பரப்பை மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள், தண்டவாளத்திலிருந்து மின்சாரம் ஏறுவது அந்த வழியாகத்தான்.